நூலகத்தில் ‘நாங்கள் ரசித்தவை’ அடுக்கு வைப்பது எப்படி?

“சார், நல்ல புக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்” என்று கவுண்டரில் வந்து கேட்பவரிடம் “அந்த ரேக்ல பாருங்க” என்று கை காட்டிவிடுவதுதான் பல கிளை நூலகங்களில் வழக்கம். அந்த ரேக்கில் நூற்றுக்கணக்கில் புத்தகம் இருக்கும், பாதிக்கு முதுகில் பெயரே அழிந்திருக்கும். வந்தவர் தினத்தாளைப் புரட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஊழியர்கள் தாங்கள் படித்து ரசித்த புத்தகங்களைத் தனியாக எடுத்து வைத்து, ஏன் பிடித்தது என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் வாசகர் வட்டத்தில் கைகொடுப்பவர்களும் ஒரே மதியத்தில் செய்துவிடலாம். கெட்டி அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் போதும்.

படி 1: புத்தகங்களைப் பொறுக்குங்கள்

ஐந்தாறு போதும். அவற்றை நீங்கள் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். அவை உங்கள் நூலகத்திலேயே இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் இருப்பதைப் புகழ்ந்து வாசகருக்கு என்ன லாபம்?

தானாகவே ஓடுகிற புத்தகங்களை விட்டுவிடுங்கள். ‘பொன்னியின் செல்வ’னுக்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம், ஐந்து பாகமும் ஒரே நேரத்தில் ரேக்கில் இருந்தால் அதுவே அதிசயம். யாரும் தொடாமல் கிடப்பதைத் தேடுங்கள். உங்களுக்குப் பிடித்த புத்தகத்தைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை மூன்று வருடத்துக்கு முந்தையதா? அதுதான் உங்கள் அடுக்குக்கு வர வேண்டிய புத்தகம். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’ என்பதும் ஒன்று. அந்த வாசகர் தானாக வந்து சேர்வார் என்று காத்திருந்தால் அதற்குள் செல்லரித்துவிடும்.

எல்லாமே நாவலாக இருக்க வேண்டாம். சமையல், தோட்டம், பயணம், தன்வரலாறு என்று கலந்து வையுங்கள். நண்பர் எழுதிய கவிதைத் தொகுப்பை மட்டும், உண்மையிலேயே பிடித்திருந்தால் ஒழிய, வைக்காதீர்கள். வாசகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 2: அட்டை எழுதுங்கள்

வேலையில் முக்கால்வாசி இதுதான். தபால் அட்டை அளவு போதும்: மேலே நூலின் பெயர், ஆசிரியர், நடுவில் மூன்று நான்கு வரி, கீழே உங்கள் பெயர். ‘அருமையான நூல்’, ‘அனைவரும் படிக்க வேண்டியது’, ‘நெஞ்சை உருக்கும்’ ஆகிய மூன்றுக்கும் தடை. எந்தப் புத்தகத்தின் மேல் ஒட்டினாலும் பொருந்துகிற வரி எதற்கும் உதவாது. பின்னட்டையில் இருப்பதைப் பார்த்து எழுதவும் வேண்டாம். அதை வாசகரே படித்துக்கொள்வார்.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“தெலுங்கு நாட்டிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள், காடாய்க் கிடந்த கரிசல் நிலத்தைத் திருத்தி ஊராக்கிய கதை. அதில் பெரும்பகுதியை ஒரு பழுத்த பாட்டி சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போலவே இருக்கும். விறுவிறுப்பை எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுமையோடு படிக்க வேண்டும். தாத்தா பாட்டியிடம் கதை கேட்ட பழக்கம் உள்ளவர்கள் விட மாட்டீர்கள்.”

முதல் வரி கதை எதைப் பற்றியது என்கிறது. அடுத்த இரண்டும் படிக்கும்போது எப்படி இருக்கும் என்கின்றன. நான்காவது யாருக்குச் சரிப்படாது என்றும் சொல்லிவிடுகிறது. இந்த நான்காவதை எழுதத்தான் பலருக்குத் தயக்கம். ஆனால் அது இருந்தால்தான் மற்ற வரிகளை வாசகர் நம்புவார். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

படி 3: இடம் பிடியுங்கள்

செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்தில், அல்லது புத்தகம் திருப்பிக் கொடுக்கும் இடத்தில், கண் மட்டத்தில். முன்னட்டை தெரிய நிறுத்தி வையுங்கள். பழைய இடத்தில் ‘பரிந்துரை அடுக்கில் உள்ளது’ என்று ஒரு அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் சக ஊழியர் ரேக் ரேக்காகத் தேடி உங்களைத் திட்டுவார்.

படி 4: நேரில் கேட்பவரிடம் பேசுங்கள்

“என்ன மாதிரி புக் வேணும்?” என்று கேட்டால் பெரும்பாலும் “நல்ல புக்கா” என்றுதான் பதில் வரும். “கீழே வைக்க மனசு வராம எதைப் படிச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில், சியாட்டிலில் நூலகராக இருந்த நான்சி பெர்ல், வாசகர்கள் நான்கு வாசல்கள் வழியாகப் புத்தகத்துக்குள் நுழைகிறார்கள் என்பார்: கதை, பாத்திரங்கள், களம், மொழி. ஒருவர் ‘பொன்னியின் செல்வன்’ என்றதும் இன்னொரு சரித்திர நாவலை நீட்டிவிட வேண்டாம். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று வந்தியத்தேவன் பின்னால் ஓடியது பிடித்ததா, நந்தினியை மறக்க முடியவில்லையா, சோழநாட்டுக்கே போய்வந்த மாதிரி இருந்ததா என்று கேளுங்கள். முதலாமவருக்கு ஒரு நல்ல துப்பறியும் கதை பிடிக்கலாம். நந்தினியைப் பிடித்தவருக்கு இந்தக் காலத்துக் குடும்ப நாவலே போதும்.

இரண்டு மூன்று புத்தகங்களைக் கொடுத்து, “பிடிக்கலைன்னா பாதியிலேயே கொண்டு வந்துடுங்க” என்று சொல்லிவிடுங்கள். பெர்லே இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: 50 வயது வரை இருப்பவர்கள் 50 பக்கம் படித்துப் பார்க்கலாம், அதற்கு மேற்பட்டவர்கள் 100-இல் வயதைக் கழித்துக்கொள்ளலாம். 70 வயதுப் பெரியவருக்கு 30 பக்கம். இதைச் சொன்னால் பெரியவர்கள் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கும் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர்கள் மேசையில் ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுப்பைச் சும்மா வைத்துவிட்டு வாருங்கள்.

படி 5: மாற்றிக்கொண்டே இருங்கள்

புத்தகம் வெளியே போனால் அட்டையை எடுத்து வைத்துவிட்டு வேறொன்றை நிறுத்துங்கள். ஒரு மாதமாக யாரும் தொடவில்லையா? முதலில் அட்டையை மாற்றி எழுதிப் பாருங்கள், அப்புறம் புத்தகத்தை மாற்றலாம்.

திருப்பிக் கொடுக்க வருபவர் “எனக்குப் பிடிக்கலை சார்” என்றால் வாதாட வேண்டாம். எந்த இடத்தில் விட்டார் என்று மட்டும் கேட்டு, நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அவருக்கு எதை எடுத்துக் கொடுக்கலாம் என்பது அதில் இருக்கும்.