ஒரே சர்வர், பல பயனர்: லினக்ஸில் மெய்நிகர் நினைவகத்தைப் பங்கிடுவது எப்படி?

கல்லூரித் துறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் சிறு நிறுவனங்களிலும் ஒரே லினக்ஸ் சர்வரில் பலர் வேலை செய்வது வழக்கம். காலையில் விறுவிறுவென்று ஓடிய கணினி மதியத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால் ஐந்து நொடி கழித்துத்தான் திரையில் காட்டும். உடனே "ரேம் போதவில்லை, வாங்குவோம்" என்ற பேச்சு எழும். வாங்குவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: இருக்கும் நினைவகத்தில் யார் எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு கட்டுவது. ஸ்வாப்பை (ரேமில் இடம் இல்லாதவற்றை வைக்க வட்டில் ஒதுக்கும் இடம்) பெருக்குவதும், அதை எவ்வளவு நாடுவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் எண்ணைத் திருத்துவதும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை தலைகீழானால், ஒருவருடைய நிரலுக்காக மற்ற எல்லோருடைய வேலையும் கெடுகிறது. அது நியாயமில்லை.

இங்கே எடுத்துக்கொள்ளும் மாதிரி: 16 ஜிபி ரேம், உபுண்டு 22.04, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இணையும் முறை) வழியாக நுழையும் எட்டுப் பயனர்கள், கூடவே ஒரு தரவுத்தளம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

அடிப்படை, சுருக்கமாக

ஒவ்வொரு நிரலுக்கும் நினைவகம் முழுவதும் தனக்கே சொந்தம் என்பதுபோல் இயங்குதளத்தின் மையமான கெர்னல் காட்டுகிறது; இதுவே மெய்நிகர் நினைவகம். உண்மையில் அது 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நிரல் ஒரு பக்கத்தைத் தொடும்போதுதான் அதற்கு ரேமில் இடம் ஒதுக்கப்படும். ரேம் நெருக்கடியில் இருந்தால், கோப்பிலிருந்து வந்த பக்கங்களைக் கெர்னல் கைவிடும், தேவைப்பட்டால் மறுபடி படித்துக்கொள்ளும். நிரல் தானே உருவாக்கிய பக்கங்களுக்கு அப்படி ஒரு மூலம் இல்லை. அவை ஸ்வாப்புக்குப் போகும்.

1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே பக்கங்களை இப்படி உள்ளும் வெளியும் நகர்த்தும் முறை இருந்தது. 1968இல் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் ஒரு கருத்தை முன்வைத்தார். எந்த ஒரு நேரத்திலும் ஒரு நிரலுக்கு அதன் எல்லாப் பக்கங்களும் தேவைப்படுவதில்லை, ஒரு பகுதி போதும். அப்படி எல்லா நிரல்களுக்கும் தேவைப்படும் பகுதிகளின் கூட்டுத்தொகை ரேமைத் தாண்டும்போது, கணினி பக்கங்களை மாற்றிக்கொண்டே இருக்கும், வேலை நகராது. பகிர்ந்த சர்வரில் நாம் பார்க்கும் முடக்கம் பெரும்பாலும் இதுதான்.

படி 1: உண்மையிலேயே நெருக்கடியா?

'ஃப்ரீ -ஹெச்' என்று தட்டுங்கள். "ஃப்ரீ" என்ற பத்தியில் 400 எம்பி மட்டும் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமைக் கோப்புகளின் நகலுக்குப் பயன்படுத்துவது லினக்ஸின் நல்ல குணம். பார்க்க வேண்டிய பத்தி "அவைலபிள்". அதில் 5 ஜிபி இருந்தால் உங்கள் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது.

அடுத்து 'விஎம்ஸ்டாட் 1'. நொடிக்கு ஒரு வரி ஓடும். முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்தான சராசரி என்பதால் அதை ஒதுக்கிவிடுங்கள். "எஸ்ஐ", "எஸ்ஓ" என்ற இரண்டு பத்திகள்தான் முக்கியம்; ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் ஸ்வாப்புக்கு வெளியே போவதும். "எஸ்ஓ" எப்போதாவது எகிறினால் தவறில்லை, தூங்கும் நிரலின் பக்கங்கள் வெளியே போயிருக்கும். இரண்டும் வரிக்கு வரி ஆயிரக்கணக்கில் நிற்க, வட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் "டபிள்யூஏ" பத்தியும் உயர்ந்தால் கணினி திணறுகிறது. ஸ்வாப்பில் 2 ஜிபி நிரம்பியிருந்தும் இந்தப் பத்திகள் பூஜ்யமாக இருந்தால் அங்கே கவலைக்கு இடமில்லை.

இதைவிடத் தெளிவான அளவுகோலும் உண்டு. 2018இல் வந்த லினக்ஸ் 4.20 முதல் '/ப்ராக்/ப்ரெஷர்/மெமரி' என்ற கோப்பு இருக்கிறது. 'கேட்' கட்டளையால் படித்தால் "சம்", "ஃபுல்" என்று இரண்டு வரிகள் தெரியும். "சம்" வரியில் "ஏவிஜி10" 12 என்று இருந்தால், கடந்த 10 நொடிகளில் 12 விழுக்காடு நேரம் ஏதோ ஒரு நிரலாவது நினைவகத்துக்காகக் காத்துக் கிடந்தது என்று பொருள். "ஃபுல்" வரி எல்லா நிரல்களும் சேர்ந்து காத்த நேரத்தைச் சொல்லும். புதிதாக நிர்வாகம் கற்பவர்கள் முதலில் பழக வேண்டிய கோப்பு இது என்பேன்.

படி 2: யார்?

'டாப்' திரையில் "விர்ட்" என்ற பத்தி 20 ஜிபி காட்டினாலும் அது கேட்டுவைத்த முகவரி மட்டுமே. "ரெஸ்" பத்திதான் ரேமில் இருப்பது. அதிலும் பல நிரல்கள் பகிரும் பக்கங்கள் திரும்பத் திரும்ப எண்ணப்படும். ஆகவே பயனர்வாரியாகக் கூட்ட 'சிஸ்டம்டி-சிஜிடாப் -எம்' சரியான கருவி. ஒவ்வொரு பயனருக்கும் எண்ணோடு ஒரு ஸ்லைஸ் (அவருடைய நிரல்கள் எல்லாம் அடங்கிய குழு) தெரியும். எந்த எண் யாருடையது என்பதை 'லாகின்சிடிஎல் லிஸ்ட்-யூசர்ஸ்' சொல்லும்.

ஆளைக் கண்டுபிடித்ததும் சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. 4 ஜிபி சிஎஸ்வி கோப்பை பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் அப்படியே திறந்தால், எழுத்துப் பத்திகள் நிறைந்த கோப்பு ரேமில் பல மடங்கு ஊதும். "சங்க்சைஸ்" என்ற விருப்பத்தைக் கொடுத்துத் துண்டு துண்டாகப் படிக்கக் காட்டிக்கொடுத்தால், அவருடைய வேலையும் நடக்கும், மற்றவர்களும் தப்பிப்பார்கள்.

படி 3: வரம்பு கட்டுதல்

இதுதான் தலையாய படி. உபுண்டு 22.04, டெபியன் 11 போன்றவற்றில் நிரல்களைக் குழுவாக்கி வரம்பு கட்டும் கெர்னல் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு இயல்பாகவே இருக்கிறது. '/இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/' அடைவுக்குள் 'யூசர்-.ஸ்லைஸ்.டி' என்று ஓர் அடைவை உருவாக்குங்கள். "யூசர்" என்ற சொல்லுக்குப் பின் வரும் சிறு கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் எல்லாப் பயனர்களுக்கும் பொருந்தும். அதற்குள் '50-மெமரி.கான்ஃப்' என்ற கோப்பில் இந்த நான்கு வரிகள்:

[ஸ்லைஸ்]
மெமரிஹை=4ஜி
மெமரிமேக்ஸ்=5ஜி
மெமரிஸ்வாப்மேக்ஸ்=1ஜி

இவற்றில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து, சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்' கொடுத்துவிட்டு, ஒரு பயனராக மறுபடி நுழைந்து, 'சிஸ்டம்சிடிஎல் ஷோ' கட்டளையால் அந்த ஸ்லைஸின் மதிப்புகளைச் சரிபாருங்கள்.

முதல் இரண்டு வரம்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 4 ஜிபியைத் தாண்டினால் அந்தப் பயனரின் நிரல்கள் மெதுவாக்கப்படும், அவருடைய பக்கங்களே முதலில் வெளியேற்றப்படும். 5 ஜிபியைத் தொட்டு, மீட்க எதுவும் இல்லையென்றால் அந்த ஸ்லைஸுக்குள் இருக்கும் ஒரு நிரல் கொல்லப்படும். அடுத்த பயனரின் நிரல்மீது கை வைக்கப்படாது. மூன்றாவது வரம்பு, ஒருவரே ஸ்வாப் முழுவதையும் அடைத்துக்கொள்வதைத் தடுக்கிறது.

எட்டுப் பேருக்கு ஐந்தைந்து என்றால் 40 ஜிபி ஆகிறதே என்று கேட்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவது அரிது. எல்லோருக்கும் 2 ஜிபி என்று இறுக்கினால் சர்வர் பாதி நேரம் வீணாகக் கிடக்கும். முதலில் தளர்வாக வைத்து, ப்ரெஷர் கோப்பைப் பார்த்தபடி இறுக்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த வரம்பு முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக நேரடியாக நுழைபவருக்கும் பொருந்தும், 'யூசர்-0.ஸ்லைஸ்.டி' அடைவில் இதே பெயரில் ஒரு கோப்பு வைத்து மூன்று மதிப்புகளையும் 'இன்ஃபினிட்டி' ஆக்கிவிடுங்கள். இரண்டாவது, தரவுத்தளத்தைக் காக்க அதன் சர்வீஸுக்கு 'மெமரிலோ=2ஜி' (அந்த அளவுவரை அதன் நினைவகத்தைப் பறிக்காமல் காப்பது) கொடுத்தால் மட்டும் போதாது. அதைத் தாங்கும் சிஸ்டம் ஸ்லைஸுக்கும் அதே அளவாவது கொடுக்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது.

படி 4: ஸ்வாப்

ஸ்வாப்பே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்வாப் இல்லாவிட்டாலும் கணினி திணறும்: நிரல்களின் கட்டளைப் பகுதி கோப்பிலிருந்து வந்தது என்பதால், நெருக்கடியில் கெர்னல் அதையே கைவிட்டு மறுபடி மறுபடி வட்டிலிருந்து படிக்கும். மாதிரி சர்வருக்கு 4 ஜிபி போதும். இஎக்ஸ்டி4 வட்டில் 'ஃபேலோகேட்' கட்டளையால் கோப்பை உருவாக்கி, 'சிஎச்மாட் 600' கொடுத்து, 'எம்கேஸ்வாப்', 'ஸ்வாப்ஆன்' ஓட்டி, கணினி தொடங்கும்போது இணைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. 600 என்ற அனுமதியை மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒருவருடைய கடவுச்சொல் இன்னொருவர் படிக்கும் கோப்பில் கிடக்கலாம்.

ஸ்வாப்பினஸின் இயல்பு மதிப்பு 60. காரணம் தெரியாமல் 10 என்று மாற்ற வேண்டாம். ஸ்வாப்புக்கும் கோப்பு நகல்களுக்கும் இடையே எதை முதலில் தியாகம் செய்வது என்பதை மட்டுமே அது சாய்க்கிறது, ரேமைக் கூட்டுவதில்லை.

படி 5: கொலை நடந்தால்

'ஜர்னல்சிடிஎல் -கே' ஓட்டி, "கில்டு ப்ராசஸ்" என்ற சொற்களைத் தேடுங்கள். அந்த வரி "மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி" என்று தொடங்கினால், யாரோ தம் வரம்பைத் தொட்டிருக்கிறார். அவரோடு பேசுங்கள், தேவையென்றால் அவருக்கு மட்டும் வரம்பை உயர்த்துங்கள். வெறும் "அவுட் ஆஃப் மெமரி" என்று தொடங்கினால் கணினி முழுவதும் வற்றியிருக்கிறது. வரம்புகளைச் சற்று இறுக்கிய பிறகும் இது தொடர்ந்தால், அப்போது ரேம் வாங்கக் கோரிக்கை எழுதுங்கள். ப்ரெஷர் கோப்பின் எண்களையும் அதோடு இணையுங்கள்.