இங்கிலாந்தின் கோதுமை வயல்களூடே கோடை நடை செல்வது எப்படி?

விளைந்து நிற்கும் பயிருக்குள் காலை வைக்க நம்மவர்களுக்கு மனம் வராது; வரப்பில் நடந்து பழகிய கால் அது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நடக்கப் புறப்படுபவர் முதலில் விட வேண்டியது இந்தத் தயக்கத்தைத்தான். அங்கே பொதுவழி என்று சட்டம் ஏற்றுக்கொண்ட ஒற்றையடிப் பாதை பல இடங்களில் வயலின் நடுவே நேராகச் செல்கிறது. விதைப்புக்காக அதை உழுதுவிட விவசாயிக்கு உரிமை உண்டென்றாலும், குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு மீண்டும் நடக்கத்தக்கதாக ஆக்கித் தரும் பொறுப்பும் அவருடையதே என்கிறது 1990ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டம். பயிருக்கு இரங்கி வயலோரமாகச் சுற்றிப் போனால், உரிமையில்லாத இடத்தில் நடந்தவர் ஆகிவிடுவீர்கள்.

ஆகவே வரைபடம் இன்றியமையாதது. பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடங்களில் இப்பாதைகள் பச்சைக் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். வேலிக்கால்களில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவருக்கான வழி. நீல அம்பு இருந்தால் குதிரைகளும் மிதிவண்டிகளும் வரக்கூடும். மருந்து தெளிக்கும் டிராக்டருக்காகப் பயிரில் விடப்படும் இரட்டைச் சக்கரத் தடத்தைப் பாதையென்று நம்பிவிடாதீர்கள். முதல் கோடையில் நான் அப்படி நம்பிக் கால் மணி நேரம் நடந்து, மறுகோடியில் முள்வேலியின் முன்னே நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பினேன். பாதை ஒற்றைக் கோடாக இருக்கும். தடம் எப்போதும் இரண்டிரண்டாக வரும்.

முதல்முறை செல்பவர்களுக்கு ஆக்ஸ்போர்டுஷயரின் அஃபிங்டன் குன்றையே பரிந்துரைப்பேன். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் சரிவில் அகழ்ந்து சுண்ணாம்புக்கல்லால் நிரப்பிய வெள்ளைக் குதிரை உருவத்தைப் பார்த்துவிட்டு, ரிட்ஜ்வே என்னும் பழம்பாதையில் மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால், வேலண்ட்ஸ் ஸ்மிதி என்னும் புதிய கற்காலக் கல்லறையை அடையலாம். மேட்டில் நிழல் குறைவு. சுண்ணாம்பு நிலம் மழைநீரை உறிஞ்சிவிடுவதால் ஓடைகளும் இல்லை. குடிநீரை நீங்களே சுமக்க வேண்டும். ஜூலையில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால், மாலை ஆறு மணிக்குப் புறப்படுவதே என் வழக்கம். முழுக்காற்சட்டை அணிவது நல்லது. பாதையோரத்தில் நெட்டில் என்னும் செடி செந்தட்டியைப் போலவே தடிக்கத் தடிக்க அரிக்க வைக்கும்.

வயலருகே நின்று ஒரு கதிரை உற்றுப் பாருங்கள்; அது கோதுமையா, பார்லி என்னும் வாற்கோதுமையா? வாற்கோதுமை என்னும் பெயரிலேயே விடை இருக்கிறது: ஒவ்வொரு மணியிலிருந்தும் விரலைவிட நீண்ட வால் ஒன்று கிளம்பும், முற்றியதும் கதிர் தலை கவிழும். காற்று வீசும்போது அந்த வால்களெல்லாம் ஒருசேரச் சாய்ந்து, வயல் முழுதும் நீர்போல் அலையடிக்கும். அங்கே விளையும் கோதுமைக்குப் பெரும்பாலும் வால் இல்லை. அது விறைப்பாக நிற்கும். வயலோரத்துச் சிவப்புப் பாப்பி நம் கசகசாச் செடியின் இனம். அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, நிலம் கிளறப்பட்டு வெளிச்சம் படும்போது முளைக்கும். மருந்து எட்டாத வரப்போரங்களில் அது செழித்திருப்பதைக் காணலாம். எந்தக் காட்டுச் செடியையும் நில உரிமையாளரின் அனுமதியின்றி வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

வானம்பாடியைக் காணக் காதுதான் துணை. பாட்டு தலைக்குமேல் இடைவிடாது பொழியும், பறவையோ ஒரு புள்ளியாகக்கூடத் தென்படாது; பாட்டு நின்றவுடன் பறவை கல்போல் கீழே விழும், அப்போது அதைக் கண்ணால் பிடித்துவிடலாம். இறங்கிய இடத்தில் கூட்டைத் தேடிப் போக வேண்டாம். அது தரையில் கூடு கட்டுவதால், நாயையும் கயிற்றிலேயே வைத்திருங்கள்.

கன்றுடன் நிற்கும் பசுக்களுக்கு நடுவே செல்லாமல் விலகிச் செல்லுங்கள். அறுவடை இயந்திரம் ஓடும் வயலில், ஓட்டுநர் உங்களைப் பார்த்துக் கையசைக்கும் வரை காத்திருங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நசுக்காமல், முனை கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். பின்வரும் வாரங்களில் அவ்விடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால், உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயாக இருக்கலாம் என்பதால் மருத்துவரைக் காண வேண்டும். காலுறையில் சிக்கிய வாற்கோதுமை வாலைக் கண்டபடி இழுக்காதீர்கள், அதன் நுண்முட்கள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் உள்ளேதான் ஏறும். காலுறையைப் புறம்திருப்பி, அது போகும் திசையிலேயே உருவிவிடுங்கள்.