பராமரிப்பை ஒரு நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறீர்களா? சின்ன அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"மாதம் இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று அசோசியேஷன் மீட்டிங்கில் யாராவது சொன்னதும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வரும். எங்களுக்கும் வந்தது. சென்னை மடிப்பாக்கத்தில் 18 வீடுகள் உள்ள எங்கள் அபார்ட்மென்டில் நான்கு வருடம் செயலாளராக இருந்தேன். அதற்குள் பராமரிப்பை ஒரு நிறுவனத்திடம் முழுசாக ஒப்படைத்தோம், எட்டே மாதத்தில் திரும்ப வாங்கினோம், பிறகு வேறொரு நிறுவனத்திடம் பாதி வேலையை மட்டும் கொடுத்தோம். அந்தப் பாதி ஏற்பாடு இன்றும் நன்றாக நடக்கிறது. நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் இல்லாத, ஒரு சம்ப் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி), ஒரு போர், ஒரு லிஃப்ட், ஒரு வாட்ச்மேன் அறை என்று இருக்கும் சாதாரண அபார்ட்மென்ட்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பெருக்குவது, காவல், மோட்டார், பிளம்பர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது, மெயின்டனன்ஸ் ரசீது போடுவது எல்லாம் கொடுக்கலாம். பணத்தைக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு அசோசியேஷன் பெயரிலேயே, இரண்டு பேர் கையெழுத்தோடு இருக்கட்டும். பெரிய செலவுகளுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் கார்ப்பஸ் பணத்தைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரியவே வேண்டியதில்லை. அசோசியேஷனை இன்னும் சட்டப்படி பதிவு செய்யவில்லை என்றால் அதை முடித்துவிட்டு ஒப்பந்தத்துக்குப் போங்கள், இல்லாவிட்டால் யாரோ ஒரு வீட்டுக்காரர் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்வார். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் லிஃப்ட் கம்பெனியோடு நேரடியாகவே வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

அப்புறம், யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாத ஒரு வேலை இருக்கிறது. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் அம்மா வீட்டுக் கதவில் காலையில் போட்ட பால் பாக்கெட் மதியம் வரை அப்படியே தொங்குகிறது என்றால் கதவைத் தட்டிப் பார்ப்பது. சூப்பர்வைசர் கையில் இருக்கும் செக்லிஸ்டில் அது வராது.

நாங்கள் செய்த பெரிய தப்பு, பழைய வாட்ச்மேனை அனுப்பியது. பத்து வருடம் எங்களோடு இருந்தவர். எந்த வால்வைத் திருகினால் எந்த வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும், குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மழை பெய்தால் முதலில் எந்த மூலையில் தேங்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. நிறுவனம் சீருடை போட்ட இரண்டு பையன்களை அனுப்பியது, மூன்றே மாதத்தில் இருவரும் மாறினார்கள், பிறகு வந்தவர்களும் மாறினார்கள். ஒரு ராத்திரி சம்ப் காலியாக இருப்பது தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து காயில் எரிந்துவிட்டது. அந்தப் பையனைத் திட்டி என்ன பயன், அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேர் சேர்ந்து கட்டடத்தை முழுக்கச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு வால்விலும் பெயின்டால் எண் போடுங்கள், எந்த எண் எந்த வீட்டுக்கு என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி லேமினேட் செய்து மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இந்தியில் ஏன் என்றால், இன்று சென்னையில் காவலுக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் வருகிறவர்களில் நிறையப் பேர் வடமாநிலத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குப் புரியாத மொழியில் எழுதி ஒட்டினால் அது சுவருக்கு அலங்காரம்தான். மொட்டை மாடிச் சாவி, மீட்டர் அறைச் சாவி, பொது மின் இணைப்பு எண், போர் போட்டவரின் போன் எண், லிஃப்ட் உரிமத்தின் நகல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும், அந்த ஃபைல் செயலாளர் வீட்டில் இருக்கட்டும். பழைய வாட்ச்மேனுக்கு விருப்பம் இருந்தால் அவரையே புது நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் இதற்குச் சம்மதிக்கும், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சரி, விலைக்கு வருவோம். நிறுவனங்கள் கொட்டேஷனில் ஒரே தொகையாகப் போட்டுக் கொடுப்பார்கள். அதைப் பிரித்துக் கேளுங்கள்: ஒரு காவலர் கையில் எவ்வளவு வாங்குவார், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எவ்வளவு, இ.எஸ்.ஐ. (ஊழியர் காப்பீடு) எவ்வளவு, வார விடுமுறைக்கு மாற்று ஆள் உண்டா, உங்கள் சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார், நிறுவனம் 3.25 சதவீதமும் ஊழியர் 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். மாதா மாதம் பில்லோடு அதைக் கட்டிய சலான் நகலையும், அதற்கான ஊழியர் பட்டியலில் உங்கள் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பணம் போடுங்கள். மிகக் குறைந்த கொட்டேஷன் கொடுக்கிறவர் அதை எங்கிருந்து குறைக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ராத்திரி முழுக்க உங்கள் கேட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் சம்பளத்திலிருந்துதான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஆள் வராவிட்டால் அதே ஆள் இருபத்து நான்கு மணி நேரம் என்று ஓட்டுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட காவல் யாருக்கும் பாதுகாப்பு இல்லை, அந்த மனிதருக்கும் இல்லை.

வரியை மறந்துவிடாதீர்கள். நிறுவனத்தின் பில் 60,000 ரூபாய் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. 10,800, எங்கள் 18 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 600 ரூபாய் கூடுதல். நேரடியாக ஆள் வைத்திருந்தபோது இந்தச் செலவே இல்லை. ஒப்பிடும்போது இதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். காவல் சேவை தருகிற நிறுவனத்திடம் 2005-ம் வருடத்துத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின்படி எடுத்த உரிமம் இருக்க வேண்டும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். காவலர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு நடந்ததற்கான காகிதத்தையும் கேளுங்கள்.

தண்ணீர் லாரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பணம் ஒழுகுவது இங்கேதான். லாரி ராத்திரி வரும், காவலர் கையெழுத்துப் போடுவார், எத்தனை லிட்டர் இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. சம்ப்பின் நீள அகலத்தை ஒரு தடவை அளந்து வையுங்கள். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள சம்ப்பில் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால் 600 லிட்டர். 9,000 லிட்டர் லாரி என்றால் ஒன்றரை மீட்டர் ஏற வேண்டும். ஒரு நீளக் குழாயில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுச் சம்ப் ஓரத்தில் வையுங்கள். லாரி வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, இறக்குவதற்கு முன் ஒரு அளவு, இறக்கிய பின் ஒரு அளவு எடுத்து நோட்டில் எழுதி, இரண்டையும் போட்டோ எடுத்து அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள். எங்கள் கட்டடத்தில் இதை ஆரம்பித்த மாதத்திலேயே லாரி எண்ணிக்கை குறைந்தது.

செப்டிக் டேங்க் இருக்கும் கட்டடங்களுக்கு ஒன்று: எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும், ஒரு மனிதரை உள்ளே இறக்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் வருடத்துச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. பராமரிப்பு நிறுவனம் "எங்கள் ஆள் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னால், உறிஞ்சு லாரி மட்டும்தான், ஆள் இறங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். அடைப்பு ராத்திரி பதினொரு மணிக்கு வந்தாலும் காலை வரை காத்திருங்கள், உயிர் போகாது. உள்ளே இறங்கினால் போகும்.

அக்கம்பக்கத்துக்கு வருகிறேன். காவலுக்கு நிறுவனம் வந்ததும் முதலில் நடப்பது, கேட்டில் எல்லோரையும் நிறுத்தி ஆப்பில் பதிவு செய்வது. டெலிவரிக்காரர்களுக்கு அது சரி. இருபது வருடமாக எங்கள் தெரு முனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர் துணி மூட்டையோடு வெயிலில் பத்து நிமிடம் நின்றதை நான் மாடியிலிருந்து பார்த்தேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கீரைக்காரம்மா வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டு வேலை செய்கிற பெண்களை லிஃப்டில் ஏறக் கூடாது என்று எங்கள் அனுமதி இல்லாமலேயே சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஒரு மீட்டிங் போட்டு, தினமும் வருகிறவர்களுக்கு நிரந்தர அட்டை கொடுத்து, லிஃப்ட் எல்லோருக்கும் பொது என்று போர்டு வைத்தோம். இந்த மாதிரி முடிவுகளை நிறுவனம் எடுக்கக் கூடாது. குடியிருப்பவர்கள்தான் எடுக்க வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களையும் அந்த மீட்டிங்குக்குக் கூப்பிட வேண்டும். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள், கட்டடத்தைப் பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும், உரிமையாளர்களில் சிலர் வருடத்துக்கு ஒரு முறைகூட எட்டிப் பார்ப்பதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நிறுவனத்தின் சூப்பர்வைசர் வர முடியவில்லை, அவர் வீட்டிலும் தண்ணீர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. தரைத்தளத்து இரண்டு குடும்பங்களை மேலே ஏற்றினோம், முதல் மாடியில் ஒரே வீட்டில் கேஸ் அடுப்பில் எல்லோருக்கும் உப்புமா செய்தோம், எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் தண்ணீரில் நடந்துபோய் ஒருவருக்கு இன்சுலின் வாங்கி வந்தான். 2015 வெள்ளத்தில் பட்டது நினைவிருந்ததால் சில வேலைகளை முன்பே செய்திருந்தோம்.

அவை இவைதான்: செப்டம்பரிலேயே மொட்டை மாடிக் குழாய்களையும் மழைநீர் சேகரிப்புக் குழியையும் சுத்தம் செய்வது. சம்ப் மூடியைச் சுற்றி இரண்டு வரிசைச் செங்கல் உயர்த்திப் பூசுவது, தெருத் தண்ணீர் சாக்கடையோடு கலந்து சம்ப்புக்குள் போனால் அதன் பிறகு பல நாள் கேன் தண்ணீர்தான். கனமழை எச்சரிக்கை வந்ததும் லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி மெயினை அணைப்பது. எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், யாருக்கு என்ன மருந்து, அவர்கள் பிள்ளைகளின் எண் என்ன என்று காகிதத்தில் எழுதி மூன்று வீடுகளில் வைப்பது. போனில் மட்டும் வைத்தால் சார்ஜ் போனதும் பட்டியலும் போய்விடும். தெருவில் தண்ணீர் தேங்கினாலும் குப்பை எடுக்காவிட்டாலும் மாநகராட்சியின் 1913-ஐக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்திலிருந்து ஒரு புகார் போவதைவிட, பக்கத்து நான்கு கட்டடங்களும் சேர்ந்து கொடுத்தால் ஆள் சீக்கிரம் வருகிறார்கள்.

முதல் ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு மட்டும் போடுங்கள், பிறகு நீட்டிக்கலாம். இரு தரப்பும் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று இருக்கட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் எந்தப் பொருள் வாங்கினாலும் முன்அனுமதி, கழற்றிய பழைய பாகத்தைக் காட்டியாக வேண்டும் என்றும் எழுதுங்கள். விலகும் நாள் வந்தால் கேமரா பாஸ்வேர்டு, ஆப்பின் அட்மின் பொறுப்பு, சாவிகள் எல்லாவற்றையும் வாங்கி, மொட்டை மாடிப் பூட்டை மாற்றிவிடுங்கள். கடைசி பில்லுக்குப் பணம் போடுவதற்கு முன் கேட்டில் இருப்பவரிடம் போய், "தம்பி, உங்களுக்கு இந்த மாதச் சம்பளம் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால், வந்த பிறகு போடுங்கள்.