உயரத்தைப் பார்த்து இடத்தைத் தீர்மானிக்காதீர்கள்: பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாம் வகுப்பிலேயே நெடுநெடுவென வளர்ந்துவிட்ட மாணவனைக் கூடைக்கு அடியில் நிறுத்தி, "பந்து வந்தால் பிடி, பிடித்தால் போடு, டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வது) மட்டும் செய்யாதே" என்று சொல்லிவிடுவதுதான் சென்னைப் பள்ளி அணிகளில் நான் அதிகம் காணும் தவறு. 14 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் அது பலன் தரும், கோப்பைகூடக் கிடைக்கும். ஆனால் சீக்கிரம் வளரத் தொடங்கியவர்களின் வளர்ச்சி பெரும்பாலும் சீக்கிரமே அடங்கிவிடும் என்பதால், பிளஸ் டூ வருவதற்குள் மற்றவர்கள் அவனை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். அப்படி ஐந்தே முக்கால் அடியோடு நின்றுவிட்ட மாணவன் ஒருவனை வெளியே வந்து, பந்தைத் தட்டி முன்னே கொண்டுசெல்லும் கார்டாக ஆடச் சொன்னபோது, இடக்கையால் பந்தைத் தட்டிய ஒவ்வொரு முறையும் அவன் கண் தரைக்கே போனது. மூன்றாவது தட்டில் பந்து அவன் காலில் பட்டு உருண்டோடியது. அவனிடம் சோம்பல் இல்லை. நான்கு ஆண்டுகளாக அவனுக்கு அதை யாரும் கற்றுத் தரவில்லை, அவ்வளவுதான்.

1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்ட ஊர் இது; நம் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இவை தெரியாத செய்திகள் அல்ல. இந்த ஆண்டே கோப்பை வேண்டும் என்ற நிர்வாகத்தின் நெருக்கடிதான் அவர்களை இப்படிச் செய்ய வைக்கிறது. பதினாறு வயது வரையிலாவது உயரமானவனும் குள்ளமானவனும் டிரிபிளிங், பாஸிங், ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அடுத்தது பந்து. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 5-ஆம் எண் பந்தும், வளர்ந்த பெண்களுக்கு 6-ஆம் எண் பந்தும் இருக்க, பல பள்ளிகளில் ஆண்களுக்கான 7-ஆம் எண் பந்தையே எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். கனமான அந்தப் பந்தை 3.05 மீட்டர் உயரக் கூடைக்கு அனுப்ப, பிள்ளை இடுப்பருகிலிருந்து இரு கையாலும் வீசப் பழகுகிறது. பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. மூன்று புள்ளிக்கான 6.75 மீட்டர் கோட்டிலிருந்து எறிவதற்கு முன், கூடைக்கு இரண்டடி தள்ளி நின்று ஒரு கையால் நேராகப் போடக் கற்றால் போதும்.

சிமெண்ட் தரையில் நாள்தோறும் குதிக்கும் பிள்ளை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றால், "வளர்கிற வலிதான்" என்று தள்ளிவிடாதீர்கள். காலையில் பள்ளியிலும் மாலையில் கிளப்பிலும் ஆடுகிறதா என்று கேட்டு, குதிக்கும் பயிற்சியைக் குறைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர் குடிக்கவிடாமல் ஓடவிடுவதும் இந்த ஊரின் புழுக்கத்தில் ஆபத்தானது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு வந்தவுடன் ஆட்டத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் ஷூட்டிங்கும் டிரிபிளிங்கும் செய்தால்கூடத் தேர்வு முடிந்து திரும்பும்போது கை பந்தை மறந்திருக்காது.