எண்ணெய் உலையில் புகை நாற்றம்: புகைபோக்கியின் இழுவையைச் சோதிக்கும் முறை

அமெரிக்காவின் மெய்ன், மாசசூசெட்ஸ் போன்ற வடகிழக்கு மாநிலங்களில், நிலவறையில் எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் உலையால் குளிர்காலத்தைக் கடத்தும் வீடுகள் இன்றும் ஏராளம். அத்தகைய வீட்டில் புகை நாற்றம் எழுந்தால் பலரும் முதலில் எண்ணெயை எரிக்கும் பகுதியான பர்னரையே சந்தேகிக்கிறார்கள். ஆனால் புகையை மேலே இழுக்க வேண்டிய புகைபோக்கியையும், அதனோடு காற்றுக்குப் போட்டியிடும் வீட்டையும் முதலில் பார்ப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்பாக ஒன்று. எரிதல் முழுமையாகாதபோது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலோ, வீட்டில் எவருக்கேனும் தலைவலியும் குமட்டலும் தோன்றினாலோ, எதையும் ஆராயாமல் எல்லோரும் வெளியேறி, அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும்.

முதல் படியாக, நாற்றம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பர்னர் அணைந்த பிறகு வந்தால், எண்ணெயைத் தூவும் முனையான நாசிலிலிருந்து எண்ணெய் சொட்டுவது காரணமாக இருக்கலாம். பற்றும்போது திணறலுடன் வந்தால், தீப்பொறி தரும் எலெக்ட்ரோடு அல்லது நாசிலில் கோளாறு இருக்கக்கூடும். காற்று பலமாக வீசும் நாள்களில் மட்டும் வந்தால், புகைபோக்கியின் உயரத்தையோ மூடியையோ ஆராய வேண்டும். அதன் உச்சி கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடித் தொலைவுக்குள் உள்ள கட்டடத்தின் எந்தப் பகுதியையும்விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும் என்பது அங்கு வழங்கும் விதி.

அடுத்தது, மிக முக்கியமான சோதனை. தரையில் எண்ணெய்க் கசிவு இல்லையென உறுதிசெய்துகொண்டு, சன்னல்களை மூடி, சமையலறை, குளியலறை விசிறிகளையும் துணி உலர்த்தியையும் இயக்குங்கள். பர்னர் சுமார் 5 நிமிடம் எரிந்த பின், உலையைப் புகைபோக்கியோடு இணைக்கும் புகைக்குழாயில் தானாக ஆடும் தகடாக அமைந்த பாரோமெட்ரிக் டேம்பரின் அருகே புகையும் ஊதுபத்தி ஒன்றைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். அறைக்குள் திரும்பி வந்தால், உலைக்கு அருகிலுள்ள சன்னலைத் திறந்து பாருங்கள். உடனே இழுவை சீரானால், விசிறிகள் வெளியேற்றும் காற்றை ஈடுசெய்ய புகைபோக்கி வழியாகவே வீடு மூச்சு வாங்குகிறது என்று பொருள். உலை அறைக்கு வெளிக்காற்று வரும் நிரந்தர வழி அமைப்பதே அதற்குத் தீர்வு.

சன்னலைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால், அடைப்பு அல்லது கசிவு இருக்கலாம். உலையை அணைத்து ஆறவிட்டு, புகைபோக்கியின் அடியிலுள்ள துப்புரவுக் கதவு இறுக மூடியிருக்கிறதா, புகைக்குழாயின் இணைப்புகளில் கரிக்கறை தெரிகிறதா, குழாய் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். டேம்பரை நீங்களாகத் திருத்தவோ கட்டிவைக்கவோ கூடாது. பர்னர் நின்றுவிட்டால், அதை மீண்டும் இயக்கும் ரீசெட் பொத்தானை ஒரு முறைக்கு மேல் அழுத்தாதீர்கள். எரியாத எண்ணெய் உலைக்குள் தேங்கி, அடுத்துப் பற்றும்போது ஆபத்தாக வெடித்தெரியும்.

மீதியைத் தொழில்நுட்பரிடம் விடுங்கள். சாதாரண உலைகள் பலவற்றில் தீயறையின் இழுவை, அழுத்தத்தை நீரின் உயரத்தால் குறிக்கும் நீர்த்தம்ப அளவில் 0.01 முதல் 0.02 அங்குலம் வரை இருக்கும். அந்த அளவையும், புகையில் கரி எவ்வளவு என்று காட்டும் புகைக்கறைச் சோதனையின் முடிவையும், கார்பன் மோனாக்சைடு அளவையும் உலைமீது தொங்கும் பராமரிப்பு அட்டையில் எழுதித் தருமாறு கேளுங்கள்.