ரஜுலா கப்பலையும் மூட்டைக்காரரையும் மரத்தில் செதுக்க

பினாங்கைப் பற்றி மரச்சிற்பம் என்றால் எல்லாரும் முதலில் மணிக்கூண்டைத்தான் பிடிப்பார்கள். விக்டோரியா அரசியின் 60 வருட ஆட்சிக்கு வருடத்துக்கு ஓர் அடியாக 60 அடி, சரி, அழகுதான். ஆனால் நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் ஏறி இங்கே வந்து இறங்கிய ரஜுலா கப்பலையும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரையும் யார் செதுக்குவது?

மரத்துக்கு ஜெலுத்தோங் வாங்குங்கள். ஒரு காலத்தில் சூயிங்கம்முக்குப் பால் எடுத்த மரம், மெத்தென்று இருக்கும், உளி சுகமாக இறங்கும். பால் ஓடிய தடம் மட்டும் சின்னச் சின்னக் கீறலாகத் தெரியும். முகம் வரும் இடத்தில் அப்படி ஒன்று இருந்தால் கட்டையைத் திருப்பிக்கொள்ளுங்கள், மற்ற இடங்களில் பட்டி வைத்து அடைத்துவிடலாம். மழையில் நிற்கப்போகும் சிற்பத்துக்கு இது ஆகாது, சீக்கிரம் உளுத்துப்போகும்.

மரத்தின் நார் காலிலிருந்து தலைக்கு ஓடட்டும். கையை விரித்துச் செதுக்கினால் நாருக்குக் குறுக்கே போய் ஒடிந்துவிடும், அதனால் தோளில் மூட்டை, இரண்டு கையும் அதைப் பிடித்தபடி, எல்லாம் ஒரே கட்டையாக.

120ஆம் எண், அப்புறம் 240ஆம் எண் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான அண்டர்கோட்டை இரண்டு முறை அடியுங்கள். அடிப்பாகத்தையும் விடாதீர்கள். என் முதல் சிற்பத்தில் அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று வெறும் மரமாக விட்டேன், ஈரத்தை உறிஞ்சிக் கால் பக்கமெல்லாம் சாயம் செதில் செதிலாக உரிந்துவிட்டது.

சாயம் அக்ரிலிக் போதும். தோல் நிறம் என்று கடையில் விற்பது வேண்டாம், அது வெள்ளைக்காரன் தோல். பழுப்பில் கொஞ்சம் சிவப்பு கலந்துகொண்டு, வெயில் படும் தோளிலும் மூக்கிலும் மட்டும் மஞ்சளை லேசாகத் தடவுங்கள்.

ரஜுலா 1926இல் கட்டிய கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியின் அடையாளம் கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. முதலில் முழுவதும் கறுப்பு அடித்துக் காய்ந்ததும் பட்டைக்கு இரு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, உடனே வெள்ளைக்குப் போகாமல், நாடாவின் ஓரத்தில் அதே கறுப்பை இன்னொரு முறை தடவிக் காயவிடுங்கள். அடியில் கசிவது கறுப்பாகவே இருக்கும், அதன்மேல் அடிக்கும் வெள்ளை கத்தியால் வெட்டியது போல நிற்கும்.

மழை இல்லாத நாளாகப் பார்த்து மேட் வார்னிஷ் அடித்து, பீடத்தில் துருப்பிடிக்காத எஃகு திருகாணி போட்டு முடுக்குங்கள். சாதா ஆணி என்றால் கடற்காற்றில் துரு வழிந்து மூட்டைக்காரரின் வேட்டியில் கறையாக இறங்கும்.