வி.ஆர்.எஸ். தாளில் கையெழுத்துப் போடும் முன்

எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த அரசு கம்பெனியை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு காலடிப்பேட்டை டீக்கடைக்குத்தான் முதலில் வந்தது. வி.ஆர்.எஸ். தாள், அதாவது மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே வேலையை விடும் விருப்ப ஓய்வுத் தாள், அதற்கப்புறம். ஒரே ராத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது யாராவது அந்தத் தாளோடு வந்தால், ஒரு நோட்டு எடுத்து வரச் சொல்கிறேன்.

மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை, பி.எஃப். எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அவை எப்படியும் நமக்கு வர வேண்டிய காசு. கிராஜுவிட்டியை வீட்டிலேயே கணக்குப் போடலாம்: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 என்றால், 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள், ஒரு வருட சர்வீஸுக்கு 15,000. இருபது வருட சர்வீஸுக்கு 3 லட்சம். இவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் வேலைக்கு அவர்கள் தரும் விலை.

அடுத்த பக்கத்தில் சம்பளச் சீட்டில் வராததை எழுதுங்கள். கேன்டீன் சாப்பாடு, குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி. எங்களைக் கவிழ்த்தது ஆஸ்பத்திரிதான். அவருக்குச் சர்க்கரை, மாத்திரைக்குக் கைக்காசு கொடுத்த முதல் மாதம்தான் அது எவ்வளவு பெரிய சம்பளம் என்று புரிந்தது. வீட்டில் பட்டியல் சாதிப் பிள்ளை வேலைக்குக் காத்திருந்தால் அதையும் எழுதுங்கள். தனியார் கைக்குப் போனபின் இடஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் கட்டாயம் இல்லை.

விற்பனை என்றதும் பதறவும் வேண்டாம், யாருக்கு என்று கேளுங்கள். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசு வைத்திருந்த 66.67 சதவீதப் பங்கை 2020-இல் வாங்கியது சென்னைத் துறைமுகம்தான். அதுவும் அரசுதானே! தனியார் என்றால், நிபந்தனைகளை யூனியனிடம் கேட்டுப் படியுங்கள். 2022-இல் டாடாவிடம் போன ஏர் இந்தியாவில், முதல் வருடம் ஆள் குறைப்பு கூடாது, அடுத்த வருடம் குறைப்பதானால் வி.ஆர்.எஸ். தர வேண்டும் என்று இருந்தது. அப்படி ஒரு வருடம் கிடைத்தால் அவசரப்பட என்ன இருக்கிறது?

பி.எஃப். கணக்கில் பெயர், பிறந்த தேதி ஆதாரோடு பொருந்துகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். எங்களுக்கு ஒரு இனிஷியல் எட்டு மாதம் தின்றது. பத்து வருட சர்வீஸ் இருந்தால் பென்ஷன் உண்டு.

பணம் வந்ததும் பாதியையாவது இருவர் பெயரிலும் டெபாசிட் போடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குள் மச்சான் வந்து, ஷேர் ஆட்டோ வாங்கி ஓட்டலாம் என்றார். மணலி ரோட்டில் அது ஒன்றரை வருடம் ஓடியது.